பிரஷர் அக்காவின் நான்கு நாட்கள்

காஸ் சிலிண்டர்களைச் சோதிக்கும் அந்த நிலையத்தில் அவளை எல்லோரும் பிரஷர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மானேஜருக்கும் அவள் அக்காதான். "ரத்தத்துலயும் அது இருக்கு. பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்பார் அவள் கணவர். அவர் பஸ் டிரைவர். வீட்டில் அதிகம் பேசாதவர், பேசினால் இப்படித்தான்.

மருத்துவமனைகளிலிருந்தும் வெல்டிங் பட்டறைகளிலிருந்தும் வரும் சிலிண்டர்களின் வாயைத் திறந்து, சின்ன விளக்கு ஒன்றை உள்ளே இறக்கித் துரு பார்ப்பது அவள் வேலை. பிறகு தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குள் இறக்கி, பம்பு வைத்து அழுத்தம் ஏற்றுவாள். தடித்த இரும்புதான் என்றாலும் மயிரிழை உப்பும். எவ்வளவு உப்பியது என்பதைத் தொட்டியோடு சேர்ந்த கண்ணாடிக் குழாயில் ஏறும் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும். அழுத்தத்தை இறக்கியதும் தண்ணீர் பழைய கோட்டுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்தச் சிலிண்டரை ஓரங்கட்டிவிடுவாள். பத்தொன்பது வருடமாக அந்தக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் பால் பொங்குவதைக்கூட ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. உலகத்தின் எந்த மூலையில் ராக்கெட் ஏவினாலும் நேரலையில் பார்த்தாக வேண்டும். பார்ப்பதற்காக மதியச் சாப்பாட்டு நேரத்தை முன்னே பின்னே தள்ளிக்கொள்வாள். மானேஜரும் கண்டுகொள்வதில்லை.

அந்தக் கிறுக்கு அவளுடைய தங்கையிடமிருந்து ஒட்டிக்கொண்டது. தங்கை ஆறு வயது இளையவள். அக்காவுக்குப் பதின்மூன்று வயதானபோது, கீழ்வீட்டு டிவியில் ஒரு ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க இருவரும் போனார்கள். ஒன்பது விநாடி இருக்கும்போது எண்ணிக்கை நின்றுவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் அலுத்துப்போய் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சின்னவள் மட்டும் நகரமாட்டேன் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன்க்கா நின்னுபோச்சு?"

"ஏதோ சரியில்லைன்னு யாராவது கை தூக்கியிருப்பாங்க."

"ஒரே ஒருத்தர் கை தூக்கினா நிறுத்திடுவாங்களா?"

"நிறுத்தித்தான் ஆகணும்."

இரண்டரை மணி நேரம் கழித்து ராக்கெட் போனது. அதற்குள் சின்னவள் தூங்கிவிட்டாள். அவளை உலுக்கி எழுப்பிக் காட்டுவதற்குள் திரையில் வெறும் புகைதான் மிஞ்சியிருந்தது. "போச்சா?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள். "போச்சு."

சின்னவள் வளர்ந்து, சமையல் படித்து, கடல் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்றில் சமையல்காரியாகச் சேர்ந்தாள். ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அவள் கடலில் இருக்கும்போது எங்காவது ராக்கெட் கிளம்பினால் இரண்டு பக்கமும் செய்தி பறக்கும். போச்சா? போச்சு. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அக்காவுக்கும் தங்கைக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஏழு வருடங்களுக்கு முன் அவர்களுடைய அம்மா இறந்துபோனாள். கப்பல் அப்போது நடுக்கடலில் இருந்தது. சின்னவள் போனில், "ரெண்டே நாள்க்கா, நான் வந்துடறேன், அதுவரைக்கும் எதுவும் செய்யாதே" என்றாள். இவளும் சரி என்றாள். ஆனால் மறுநாள் காலையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கணவருக்கும் விளங்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

சின்னவள் பையோடு வந்து இறங்கினாள். அம்மாவின் கட்டிலில் புது விரிப்புப் போட்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றாள். "ஒருத்தர் கை தூக்கினா நிறுத்தித்தான் ஆகணும்னு சொன்னவ நீ. நான் கை தூக்கினேன்க்கா." அவ்வளவுதான். பையைக் கீழே வைக்காமலே திரும்பிப் போய்விட்டாள். அதன் பிறகு பேச்சே இல்லை. அவளுடைய புது நம்பர்கூடச் சித்தி வழியாகத்தான் கிடைத்தது.

அதற்குப் பிறகும் பிரஷர் அக்கா ராக்கெட் பார்ப்பதை விடவில்லை. போனை பிளாஸ்கில் சாய்த்து வைத்துத் தனியாகப் பார்ப்பாள். ராக்கெட் மேகத்துக்குள் மறைந்ததும் "போச்சா?" என்று டைப் அடிப்பாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழித்துவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒரு ராக்கெட் இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தாள். திரையின் அடியில் செய்தி ஓடியது: ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட ஆழ்கடல் நீர்மூழ்கி, கடலடியில் சிக்கிக்கொண்டது. உள்ளே மூன்று பேர். கப்பலின் பெயரைப் படித்ததும் வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. அது சின்னவளின் கப்பல்.

எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெயின்டர், சிலிண்டர்களுக்கு நிறம் அடிப்பவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து செய்தியைப் படித்தார்.

"உங்க தங்கச்சி அதுக்குள்ள இல்லையே?"

"அவ மேல இருக்கா. சமையல்கட்டுல."

"அப்புறம் என்னக்கா? எத்தனை மீட்டர்ல மாட்டியிருக்காம்?"

"ரெண்டாயிரத்து நானூறு. இருநூத்தி நாப்பது பார் பிரஷர். நம்ம பம்பு தினமும் ஏத்துறதுதான். இங்க உள்ளேயிருந்து தள்ளுது, அங்க வெளியேயிருந்து அமுக்குது."

கடலடியில் கிடந்த ஒரு பழைய கேபிள், நீர்மூழ்கியின் விசிறியில் சுற்றிக்கொண்டதாம். உள்ளே இருப்பவர்களுடன் விட்டு விட்டுப் பேச முடிகிறது. ஆக்சிஜன் வெள்ளிக்கிழமை நண்பகல் வரை தாங்கும். கேபிளை வெட்டக்கூடிய இயந்திரக் கை இன்னொரு கப்பலில் இருக்கிறது; அது வந்து சேர மூன்று நாள் ஆகும். அவள் இதையெல்லாம் படித்து முடித்தபோது ராக்கெட்டின் எண்ணிக்கை எப்போதோ நின்று போயிருந்தது. ஏதோ வால்வுக் கோளாறு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். அவள் கவனிக்கவே இல்லை.

அந்தக் கப்பலின் பின்தளத்தில் ஒரு கேமரா உண்டு என்பது அவளுக்கு அந்தச் செய்தியில்தான் தெரிந்தது. நீர்மூழ்கி இறங்குவதையும் ஏறுவதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று முன்பே திறந்து வைத்திருந்தார்கள். விபத்துக்குப் பிறகும் அதை மூடவில்லை. புதன்கிழமை முழுக்கச் சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலப் பளுதூக்கி, ஈரத் தளம், அதற்கு அப்பால் ஒன்றுமே நடக்காத கடல்.

மூன்று மணி வாக்கில் திரையின் ஓரத்தில் ஒரு உருவம் வந்தது. வெள்ளை ஏப்ரன். இரண்டு கையிலும் பெரிய பிளாஸ்க். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்த நடை. கயிறு பிடித்து நின்றவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தது. கடலைப் பார்த்து முழங்காலைக் கட்டிக்கொண்டது.

ஏழு வருடம். முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். இளைத்தும் போயிருந்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிச் சதுரம் சதுரமாகச் சிதறியது. சின்னதாக்கினால் யாரோ ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது தங்கை தெரிகிறாளா என்று விரலை விரித்தும் சேர்த்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அக்கா, தொட்டி வழியுது" என்று பெயின்டர் வந்து குழாயை மூடினார்.

வியாழக்கிழமை மாலை கணவர் டியூட்டி முடிந்து வந்தபோது, அவள் சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். அவர் போனை எட்டிப் பார்த்தார். வாளியின் மேல் அதே உருவம்.

"நேத்தும் அங்கேதான் இருந்தாளா?"

"அவளுக்கு அங்க வேலையே இல்லைங்க. சமைச்சு முடிச்சதும் வந்து உக்காந்துடறா. அறுபது பேருக்குப் போடறா, அவ வாயில ஏதாவது போட்டாளான்னு யார் கேக்கப் போறாங்க?"

"நீ கேளேன்."

"நான் கேட்டா பதில் வராது."

"பதில் வந்தாத்தான் கேப்பியா?" என்று சொல்லிவிட்டு அவர் கைகால் கழுவப் போனார்.

அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை. ஏழு வருடம் யோசித்தது போதும் என்று தோன்றியது. "சாப்பிட்டியா?" என்று அடித்து, அழிக்கும் முன்பே அனுப்பிவிட்டாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த இன்னொரு கப்பல் வந்து சேர்ந்தது. இயந்திரக் கையை இறக்கினார்கள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. கணக்குப்படி ஆக்சிஜன் தீர்ந்திருக்க வேண்டும். டிவியில் ஒருவர், அசையாமல் படுத்திருந்தால் இன்னும் சில மணி நேரம் தாங்கலாம் என்றார். மானேஜர் தன் அறையை விட்டு வந்து பம்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அன்று எந்தச் சிலிண்டரும் நகரவில்லை, அவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு, கேபிள் அறுந்தது, நீர்மூழ்கி எடைகளைக் கழற்றிவிட்டு மேலே வருகிறது என்று செய்தி வந்தது. வருவதற்கு ஒன்றரை மணி நேரமாகும். உள்ளேயிருந்து கடைசியாகக் குரல் கேட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. வருவது ஆளா வெறும் கூடா என்று யாருக்கும் தெரியாது. தளத்தில் எல்லோரும் வரிசையாக நின்றார்கள். வெள்ளை ஏப்ரன் வாளியிலிருந்து எழுந்து கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

இரண்டு இருபதுக்குக் கடலில் மஞ்சளாக ஏதோ முளைத்தது. மூடியைத் திறக்க இன்னும் முக்கால் மணி நேரம். முதலில் ஒரு கை வெளியே வந்தது. பிறகு தலை. இரண்டாவது ஆளைத் தாங்கித் தூக்கினார்கள். மூன்றாவதாக வந்தவர் தானே ஏறி வந்து, தளத்தில் கால் வைத்ததும் மடிந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். பெயின்டர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிரஷர் அக்கா திரையின் ஓரத்தைப் பார்த்தாள். கம்பியருகே யாரும் இல்லை. சூடாக எதையாவது வைக்க ஓடியிருப்பாள்.

பதில் சனிக்கிழமை காலையில் வந்தது. "இப்பதான்."

மூன்று வாரம் கழித்து அந்தக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தபோது, பிரஷர் அக்கா இரண்டு பஸ் மாறிப் போனாள். கப்பலின் சமையலறை அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. அடுப்பைச் சுற்றிப் பாத்திரம் சரியாமலிருக்கக் கம்பி கட்டியிருந்தது. சின்னவள் வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. ஒரு கத்தியையும் உருளைக்கிழங்குக் கூடையையும் இவள் பக்கம் நகர்த்தினாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தோல் சீவினார்கள்.

பாதிக் கூடை ஆனதும் பிரஷர் அக்கா சொன்னாள்: "அன்னைக்கு ராத்திரி அம்மா முகம் மாற ஆரம்பிச்சுது. நம்ம அம்மா மாதிரியே இல்லை. இன்னும் ரெண்டு நாள் அதைப் பார்த்துக்கிட்டு இருக்க என்னால முடியல. உன்னை நினைக்கவே இல்லை. என்னைத்தான் நினைச்சேன்."

சின்னவளின் கத்தி நின்றது. "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத் தெரியல."

"நான் வேற என்னென்னமோ நினைச்சுக்கிட்டேன்க்கா." கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டே, "மாறுறதுக்கு முன்னாடி எப்படி இருந்தா?" என்று கேட்டாள்.

அவள் சொன்னாள். மூக்குத்தி போட்ட தழும்பு, பாதி திறந்த வாய், யாரையோ திட்டப் போவது மாதிரி சுருங்கிய புருவம். "யாரைத் திட்டப் போனாளோ" என்றாள் சின்னவள். இருவரும் சிரித்தார்கள். அது சீக்கிரமே நின்றுவிட்டது. மீதிக் கூடையையும் சீவி முடித்தார்கள்.

பார்வையாளர்கள் இறங்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படிக்கட்டு வரைக்கும் சின்னவள் வந்தாள்.

"இந்தத் தடவை ஏழு மாசம்."

"முடிஞ்சதும் வீட்டுக்கு வரியா?"

"வரேன்னு சொல்ல மாட்டேன். பார்ப்போம்."

"சரி" என்றாள் அக்கா. கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். இரண்டு பேர் கையிலும் உருளைக்கிழங்கு மண்.

கணவர் வாசலிலேயே காத்திருந்தார். "என்ன சொன்னா?" என்றார். "பார்ப்போம்னு சொன்னா." அவர் தலையாட்டிவிட்டு, அவள் கழற்றிய செருப்பை எடுத்து உள்ளே வைத்தார்.

கப்பல்கள் எங்கே போகின்றன என்று காட்டும் வரைபடம் ஒன்று இப்போது அவள் போனில் இருக்கிறது. பெயின்டர்தான் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு கப்பலும் ஒரு பச்சைப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் நான்கைந்து நிமிடம் பேசுகிறாள். சில ஞாயிறுகளில் சிக்னல் கிடைப்பதில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் பிரஷர் அக்கா சின்னவளின் புள்ளியை ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள். நேற்று அது எந்தக் கரையிலிருந்தும் ஆறு நாள் தூரத்தில் இருந்தது.