பிரித்த தையல்

இந்தி கலந்து பேசும் தீவில், டாலிகஞ்சில் தையல் மெஷின் வைத்திருக்கும் மங்கையர்க்கரசி பத்தாவதோடு நின்றவள். தங்கை சௌமியா கொரியாவில் கடற்பாசி ஆராய்ச்சி செய்வதை, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்.

அம்மா காலமான பிறகு வீட்டில் அவள் ஒருத்திதான். சௌமியாவுக்குப் பெண் பிறந்த சேதி வந்ததுமே, வெள்ளைப் பருத்தித் துணியின் ஓரத்தில் சிவப்பு நூலால் 'ஒச்சம்மா' என்று தைத்தாள். அம்மாவின் பெயர். பேத்திக்கு அதுதான் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

வீடியோ காலில் துணியை விரித்துக் காட்டினாள். சௌமியா அந்தப் பெயரைப் படித்தாள்.

"இங்க பெரியவங்க பேரைப் பிள்ளைக்கு வைக்க மாட்டாங்கக்கா. அவங்க பேரச் சொல்லிப் பிள்ளைய அதட்டுனா மரியாதை இல்லம்பாங்க."

"நமக்கு அதான்டி மரியாதை."

"எனக்குத் தெரியாதாக்கா?"

அங்கே அப்பாவின் குடும்பப் பெயர் முதலில் வரும்: ஹான். அடுத்த அசை 'சூ', அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கெல்லாம் பொது. பிள்ளையின் பெரியப்பா மகள் சூ-ஜின் என்பதால் இவளுக்கும் அதுவே. கடைசி அசையை மட்டும் பெரியம்மா மங்கையர்க்கரசியே சொல்லட்டும் என்று சௌமியாவின் மாமியார் விட்டுக்கொடுத்திருந்தார்.

"அப்ப நீயும் ஹானா?"

"இல்லக்கா. கல்யாணம் ஆனாலும் இங்க பொம்பளைக்கு அப்பா வீட்டுப் பேருதான். நம்ம அப்பா பேரோட நான் அதே தங்கையா சௌமியாதான்."

"அது மட்டுமாச்சும் அச்சா."

"கடைசி அசை 'ஹீ'ன்னா சந்தோஷம். 'யங்'னா பூ. 'அன்'னா பத்திரம், ஒரு ஆபத்தும் இல்லாம இருக்கறது. எதை வைக்கலாம்க்கா?"

துறைமுக ஜெட்டியில் யார் கப்பலேறினாலும் அம்மா சொல்வது அந்த ஒரே வார்த்தைதான். பத்திரம். சௌமியா படிக்கத் தீவை விட்டு மெயின்லேண்டுக்குக் கிளம்பியபோதும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

"கடைசியா சொன்னதையே வையி."

"டீக் ஹைக்கா, அதையே வைக்கிறோம்," என்றாள் சௌமியா. பிள்ளை அழ, போனை வைத்துவிட்டாள்.

மங்கையர்க்கரசி சின்னக் கத்தரியை எடுத்து 'ஒச்சம்மா'வை ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். துணி எங்கும் கிழியவில்லை. ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக நின்றன. விரலால் தடவினால் பெயரைப் படிக்கலாம். தண்ணீரில் நனைத்தால் மூடிவிடும். அவள் நனைக்கவில்லை. அதற்குக் கீழே, குடும்பப் பெயரை முதலில் வைத்து, 'ஹான் சூ-அன்' என்று தைத்தாள்.

நூலை அறுத்துவிட்டு, அந்தப் பெயரை வாய்விட்டு ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தாள். வீட்டில் திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.