கண்ணுக்குத் தெரியாத பவுடர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் மகள் எனக்கு மினரல் பவுடர் வாங்கி வந்தாள். குங்குமச் சிமிழ் மாதிரி ஒரு டப்பா, கூடவே புசுபுசுவென்று ஒரு பிரஷ். "ஒரு சிட்டிகை போதும்மா. பிரஷைத் தட்டிட்டு முகத்துல மெதுவா சுத்து" என்றாள். நானோ குளித்ததும் டால்கம் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, கழுத்துவரை அப்பிக்கொண்டே வளர்ந்தவள். வெள்ளை தெரிந்தால்தான் எங்கள் வீட்டில் அது அலங்காரம்.

ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது சுற்றினேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. என் நிறத்திலேயே இருந்து தொலைத்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினேன். அப்போதும் அதே முகம்தான். "இன்னா, மூஞ்சி கழுவிகினு அப்டியே கெளம்பிட்டே?" என்றார் கணவர். கோயிலில் கள்ளிக்குப்பத்துத் தோழி, "உடம்பு சரியில்லையா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மகளுக்கோ ஒரே பூரிப்பு. "போட்டதே தெரியலல்ல? அதான்மா இதோட அழகே!" போடாமல் இருந்தாலும் தெரியாதே என்று கேட்க வாய்வரை வந்தது. அவள் சிரிப்பைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, மகளுக்காக மினரல் பவுடரைப் போட்டுக்கொண்டேன். அவள் செருப்பு மாட்டப் போனதும், ஊருக்காக அதன்மேல் டால்கம் அப்பினேன்.

கோயில் வாசலில் அதே தோழி, "இன்னிக்கு முகம் பளிச்சுனு இருக்கே! என்ன பவுடர்?" என்றாள். மகள் முந்திக்கொண்டு மினரல் பவுடரின் அருமையை விளக்க ஆரம்பித்தாள். வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.