செரோக்கித் தாயை நான் எழுப்பிய கதை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா எழுதிய நாவலில் இறந்துபோன ஒரு தாயை, அக்காவைக் கேளாமல் நான் உயிரோடு எழுப்பிவிட்டேன். நன்றியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதைக் கடைசிவரை வாசிக்கிறவர்கள் குறைவு. அக்காவின் இறுதி மூன்று கிழமைகளும் ஆஸ்பத்திரியில் முறைவைத்துக் கூட இருந்தவர்களையும், லண்டன் மோர்டனில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்தவர்களையும் அக்கா காலமான இந்த முப்பத்தோராம் நாளில் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது.

கொக்குவிலில் பிறந்து, அங்கேயே சரித்திரம் படிப்பித்த அக்கா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் லண்டன் வந்தார். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. ஓய்வு நாட்களில் அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களைப் பற்றிய புத்தகங்களாகவே நூலகத்திலிருந்து சுமந்து வந்தார். அமெரிக்கப் பட்டாளம் வீடுவீடாக வந்து துரத்த, குளிருக்குள் மேற்கே நடந்த சனம். வழியெல்லாம் சொந்தங்களைப் புதைத்தும், போய்ச் சேர்ந்த இடத்தில் தங்கள் எழுத்திலேயே மறுபடி பத்திரிகை அடித்த சனம். அந்த வழியில் தாயோடு நடக்கும் ஒரு மகளைப் பற்றி அக்கா தமிழில் நாவல் எழுதினார். கொம்பியூட்டரில் அதைத் தட்டெழுதும் வேலை எனக்கு.

தாய் இறக்கும் அத்தியாயம் என் கைக்கு வந்தது தொண்ணூற்றைந்தில், இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்துச் சனம் மழைக்குள் வெளியேறிய கிழமையில். அந்தச் சனத்துக்குள் எங்கள் அம்மாவும். தகவல் இல்லை. எனக்கு விரல் ஓடவில்லை. அந்தத் தாய்க்குச் சோளக்கஞ்சி பருக்கி, எழுப்பி நடக்கவிட்டேன்.

அச்சுப்படி பார்த்த அக்கா நிமிர்ந்தார்.

“ஆரடா இவவை எழுப்பினது?”

“நான்தான். அம்மாவும் றோட்டில நிக்கிறா அக்கா. இந்த நேரத்தில சாவை எழுதலாமோ?”

“உனக்குப் பயமெண்டா அந்தச் சனத்தின்ர சாவை அழிப்பியோ? நாளைக்கு எங்கட சனம் நடந்ததையும் ஒருத்தன் இப்பிடி வடிவாத் திருத்தினா?”

“அம்மான்ர செய்தி வரட்டும். பிறகு நீங்கள் எழுதினபடியே அடிக்கிறன்.”

அக்கா தொலைபேசியைத் தூக்கி மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். ஒன்பது நாள் அது அங்கேயே இருந்தது. ஒருமுறை அடித்தது, இருவரும் பாய்ந்தோம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் விற்கிறவன். பாவம், தமிழில் ஏச்சு வாங்கினான்.

பத்தாம் நாள் கொழும்பிலிருந்து மாமா போன் எடுத்தார். அம்மா கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறா, கால் வீக்கம் மட்டும்தான் என்றார். அக்கா நிலத்தில் குந்தி அழுதார். நானும் அழுதேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

“சந்தோசமான நேரந்தானே அக்கா, அந்தத் தாயையும் இருக்க விடுவமே?”

முகத்தைத் துடைத்தபடி அக்கா சொன்னார்:

“அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் போன் எடுக்கேல்லையடா.”