போத்தலைத் திருப்பிப் பார்த்தவள்

தன் வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு என் மனைவி சிரிப்பதையே மறந்துவிட்டாள். அவள் மனசு சரியில்லாதது எங்கள் ஊர் ஆலங்குடாவில் யாருக்கும் தெரியக்கூடாதென்று, கற்பிட்டிக் கடையொன்றில் மனக்கவலை தீர்க்கும் மாத்திரையென்று விற்ற மூலிகைக் குளிசைப் போத்தல் வாங்கி வந்தேன்.

"மூலிகைதானே, ஒண்டும் செய்யாது, குடி," என்றேன்.

அவள் போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல என்ன கலந்திருக்கு, ஆரு செஞ்சதெண்டு ஒண்டுமே எழுதி இல்லியே. நான் பிரஷர் குளிசையும் குடிக்கிறன். டொக்டர்ட்ட கேக்காமக் குடிக்க மாட்டன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் நான் தலைகுனிந்து நிற்க, அவளே சொன்னாள்: "டொக்டர், எனக்கு மனசு சரியில்ல. மூணு மாசமா அழுகையா வருது." பிறகு போத்தலை நீட்டி, "இதக் குடிக்கலாமா?" என்று கேட்டாள்.

"நல்ல வேளை கேட்டீங்க. என்ன இருக்கெண்டு தெரியாதது பிரஷர் குளிசையோட சேர்ந்தா ஆபத்து," என்ற டொக்டர், அவளுடன் நெடுநேரம் கதைத்து, முறையான சிகிச்சையைத் தொடங்கினார்.

இப்போது அவள் சிரிக்கிறாள். நான் ஒளித்ததை அவள் நிமிர்ந்து நின்று சொன்னபோது எனக்கு வந்த பெருமை, கலியாண நாளில்கூட வந்ததில்லை.