எனக்கு வார்த்தையும் வேணும்

போன வருஷம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நடந்தது இது. அப்போது நான் இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊரில், சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷனில் இருந்தேன். எங்கள் வீடு ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். இஸ்திரி போட்ட சட்டையோடு மேசைக்குப் பின்னால் நின்று இங்கிலீஷ் பேசுகிற வேலை எங்கள் லயத்தில் முதலில் கிடைத்தது எனக்குத்தான். அது போய்விடுமோ என்ற பயத்திலேயே வேலை பார்த்தேன்.

எனக்கு உயிரான இசைக் குழு ஒன்று இருக்கிறது. குழு என்றால் இரண்டே பேர், அக்காவும் தம்பியும். பதுளைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள். தம்பி லேப்டாப்பும் சின்னக் கீபோர்டும் வைத்து இசை போடுவார், அக்கா பாடுவார். டிஸ்கோவில் ஆடுகிற மாதிரி எலக்ட்ரோனிக் தாளம்தான். ஆனால் காது கொடுத்துக் கேட்டால், அந்தத் தாளத்துக்குள் தேயிலை பெக்டரி மெஷின் ஓடும், தகரக் கூரையில் மழை கொட்டும். முதல் தடவை பஸ்ஸில் ஹெட்செட் போட்டுக் கேட்டபோது, நாங்கள் பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்த சத்தம் இப்படிக் காலை ஆட்டுமா என்று தனியாகச் சிரித்தேன். பக்கத்து ஸீட் அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அவர்களுடைய பாட்டு ஒன்றில், "பேரு இருக்கு எனக்கு, பேரச் சொல்லிக் கூப்புடு" என்று திரும்பத் திரும்ப வரும். என் பெயர் வெளிநாட்டுக்காரர்கள் வாயில் நுழையாது என்று ஹோட்டலில் எனக்கு வேறொரு குட்டிப் பெயர் வைத்து, அதையே சட்டையில் குத்தவும் வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டு எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் போனில் அதைப் போட்டுப் போட்டு, அறை துப்புரவு செய்கிற அக்காமாரின் உயிரை வாங்குவேன்.

அந்த விடுமுறையில் புல்வெளியில் சாயங்கால விருந்து ஒன்று ஏற்பாடாகியிருந்தது. வருவதாகச் சொன்ன இசைக்காரர் கடைசியில் கையை விரித்துவிட்டார். மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, நான் இந்த இரண்டு பேரைப் பற்றிச் சொன்னேன். அவர் பதுளை டவுனில் கடை வைத்திருக்கும் குடும்பத்துத் தமிழர். என் போனில் ஒரு பாட்டின் தொடக்க இசையை மட்டும் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு, வரச் சொல்லுங்க என்றார்.

அவர்கள் வந்து மைக் சரிபார்த்தபோதுதான் மேனேஜர் வார்த்தைகளைக் கேட்டார். முகம் மாறிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க வர்றவங்க நிம்மதியா இருக்க வர்றாங்க. தோட்டத்துக் கதையெல்லாம் எதுக்கு? மியூசிக் மட்டும் போடச் சொல்லுங்க. வார்த்தை வேணாம்."

எத்தனையோ ராத்திரி கேட்டுத் தூங்கிய குரல் அது. அந்த அக்காவை முதன்முதலாகப் பார்க்கிறேன், வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டியது இதையா? மேனேஜர் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன். அக்காவின் முகம் சுருங்கிப் போனது. தம்பி வயரைச் சுற்றத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இது அவரு சொன்னது. என்னைக் கேட்டா எனக்கு வார்த்தையும் வேணும்க்கா," என்றேன்.

எந்தப் பாட்டு வேண்டும் என்று அக்கா கேட்டார். அந்தப் பெயர்ப் பாட்டைத்தான் சொன்னேன்.

முதலில் இசை மட்டும்தான் போட்டார்கள். மேனேஜர் திருப்தியோடு மேசை மேசையாகப் போய் விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு பெக்டரி மெஷின் ஓடுகிற அந்தத் தாளம் வந்தது. அக்கா மைக்கைப் பிடித்துப் பாடத் தொடங்கினார். மேனேஜர் விறுவிறுவென்று என்னிடம் வந்து, ஸ்பீக்கர் ப்ளக்கைக் கழற்றச் சொன்னார். அது புல்வெளியைப் பார்த்திருந்த என் ரிசெப்ஷன் மேசைக்குப் பின்னால் சுவரில் இருந்தது.

"நான் கழட்ட மாட்டேன் சார்."

என் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்கே நம்ப முடியவில்லை. அவர் குனிந்து தானே பிடுங்கினார்.

கரண்ட் இல்லாமல் அந்த இசை என்ன செய்யும்? தம்பியின் விரல் கீபோர்டில் ஓடுகிறது, சத்தம் இல்லை. அக்கா விடாமல் பாடினார். ஆனால் மலைக்காற்றில் அந்தக் குரல் முன்வரிசை மேசையைத் தாண்டவில்லை. பாதி வரியில் நின்றுவிட்டார். அடுத்த வரி எனக்குத் தெரியும். எல்லா வரியும் தெரியும். நின்ற இடத்திலிருந்தே பாடினேன். என் குரல் தகரத்தைச் சுரண்டின மாதிரி இருக்கும், பள்ளிக்கூடத்தில் தேவாரப் போட்டிக்குக்கூட என்னைச் சேர்த்ததில்லை. அப்படியும் பாடினேன். மாடி வராந்தாவில் பெட்ஷீட்டோடு நின்ற துப்புரவு அக்காமார் இரண்டு பேர் மேலேயிருந்து சேர்ந்துகொண்டார்கள். தம்பி மேசையைத் தட்டித் தாளம் போட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். பாட்டை முடித்துத்தான் நிறுத்தினோம்.

விருந்தாளிகளில் சிலர் கை தட்டினார்கள். சிலர் எழுந்து உள்ளே போனார்கள். ஒருவர் தேநீர் ஆறிவிட்டது என்று மாற்றிக் கேட்டார்.

மேனேஜர் அந்த அக்காமாரை அதட்டியதோடு விட்டுவிட்டார். என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் வேலையில் இருக்கலாம் என்றார்.

"எதுக்கு சார் மன்னிப்பு? எங்க தோட்டத்துப் பாட்டப் பாடுனதுக்கா?"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் அவர்.

அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரோடும் ஒரே ஆட்டோவில், ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தேன். மேனேஜர் பிடுங்கியதில் வயர் பிய்ந்த கோபம் தம்பிக்கு ஆறவே இல்லை. "இனி ஒரு ஹோட்டல்லயும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அக்கா சிரிக்கத் தொடங்கினார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுப் படியேறியபோதுதான் அழுகை வந்தது. அம்மா நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை. வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த மாதங்கள் லேசானவை இல்லை.

இப்போது பதுளை பஸாரில் ஒரு போன் கடையில் நிற்கிறேன். பாட்டுக்காக வேலையை விட்ட பைத்தியம் என்று லயத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்த வேலையில் நான் அடக்கிப் பேசக் கற்றுக்கொண்டேன், அன்றைக்குச் சாயங்காலம்தான் என் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்று தெரிந்துகொண்டேன்.