பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்லாத சாவு

நான் ஒரு அறைக்குள் நுழையும்போது அங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினால், யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். அவர்கள் சேலை விலையைப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, நிற்க முடியாமல் போகும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். இதை யாரும் வியாதி என்று சொல்லவில்லை, பயந்தாங்கொள்ளி என்றார்கள். கல்யாணமாகி வேப்பூருக்கு வந்து, அங்கே ஒரு பள்ளியில் டீச்சராகச் சேர்ந்த பிறகு, ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தேன். அப்புறம்தான் கடலூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும்.

அம்மாவும் கூட வந்தாள். மருத்துவர் ஒரு பெண்மணி. என்னிடம் பேசி முடித்துவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "இவங்க வயித்துல இருக்கறப்ப நீங்க எப்படி இருந்தீங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. முப்பது வயதுக்காரியின் பயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அம்மா, "நல்லாத்தான் இருந்தேங்க" என்றாள்.

திரும்பி வரும்போது, பஸ் வடலூர் தாண்டியதும் அவளாகவே ஆரம்பித்தாள்.

நான் வயிற்றில் இருந்தபோது அம்மா விருத்தாசலத்தில் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த பச்சைமண் பொம்மையின் ஓரப் பிசிறுகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுக்கும் வேலை. அப்பா இன்னொரு கம்பெனியில் சூளையில் இருந்தார். அம்மாவுக்கு ஒரு தம்பி. களிமண் லாரியில் கிளீனர். கருவேப்பிலங்குறிச்சியில் வீடு இருந்தும் பாதி நாள் சாப்பாடு அக்கா கையால்தான். அந்த லாரி கவிழ்ந்து அவர் செத்துப்போனார்.

பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதிர்ச்சியில் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமாம். பெரிய மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தம்பிக்கு பம்பாயில் வேலை கிடைத்து அவசரமாகப் போய்விட்டான் என்று ஏற்பாடு. அப்பாவும் தலையாட்டினார். கொள்ளி வைத்தவர் பெரிய மாமா என்பதால் தலையை மழித்திருந்தார். கேட்டதற்கு, திருப்பதி போய் வந்தேன் என்றார்.

"மொட்டை வந்துச்சி, லட்டு வரலடி" என்றாள் அம்மா. "அப்பவே தெரிஞ்சிபோச்சி."

தெரிந்துவிட்டதாக அவள் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் எல்லோரும் பயந்துவிடுவார்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் இவள் அழுததால்தான் என்பார்கள். அதனால் வழக்கம்போல் கம்பெனிக்குப் போனாள், பொம்மை துடைத்தாள். பெரிய மாமா வந்தால் டீ போட்டுக் கொடுத்து, "பம்பாய் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்குதாமா?" என்று விசாரித்தாள். "அதெல்லாம் நல்லா சாப்புடறானாம்" என்று அவரும் சொன்னார்.

நான் பிறந்தேன். பால் வற்றிவிடும் என்று அப்போதும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து யாரோ பேச்சுவாக்கில் தம்பியின் திவசத்தைப் பற்றிச் சொன்னார்களாம். "அதுக்கு மேல எங்க அழுவறது?" என்றாள் அம்மா. சொல்லும்போதும் அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

அடுத்த முறை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். தாய் மாதக்கணக்கில் உள்ளுக்குள் தவித்தால் அது வயிற்றில் இருக்கும் குழந்தையையும் பாதிக்கலாம், சிலருக்கு வளர்ந்த பிறகு பயமாகவோ சோர்வாகவோ வெளிப்படலாம் என்றார். எதையும் அடித்துச் சொல்லவில்லை. "இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். அம்மாவைக் குத்தம் சொல்லிடாதீங்க" என்றார். நான் எங்கே அம்மாவைச் சொன்னேன்? எனக்குப் பெரிய மாமாவின் மேல்தான் ஆத்திரம். அவரும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் நினைத்தார் என்பது புத்திக்குப் புரிந்தது. புரிந்து என்ன பண்ண?

அடுத்த வருடம் நான் உண்டானேன். மருத்துவர் மாத்திரையைக் குறைத்துக் கொடுத்தார். அதே நேரத்தில் அப்பா படுத்துவிட்டார். அத்தனை வருடம் சுவாசித்த மண் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. எனக்கு ஒரே பயம்தான். அப்பா போய்விடுவார், என்னிடம் சொல்ல மாட்டார்கள், நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தவித்துக்கொண்டிருப்பேன், அந்தத் தவிப்பு என் வயிற்றில் இருப்பதற்கும் போய்ச் சேரும்.

"எதுவானாலும் எங்கிட்ட சொல்லிடும்மா. நீ பட்டத என்னால படமுடியாது" என்று அம்மாவின் கையைப் பிடித்து அழுதேன்.

ஏழாம் மாதத்தில் ஒரு காலை, என் கணவரின் செல்போன் அடித்தது. தெருவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, "ஒண்ணும் இல்ல, ஆபீஸ்ல கூப்புட்டாங்க" என்றார். சட்டையின் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல வராது. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்துபோனது. ஆனால் நான் கேட்டது, "மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவீங்களா?" என்றுதான். அம்மாவைப் போல நானும் ஆரம்பித்துவிட்டேன்.

அவர் செருப்பை மாட்டுவதற்குள் வாசலில் அம்மா வந்து நின்றாள். நெற்றியில் குங்குமம், கையில் கண்ணாடி வளையல். பார்த்ததும் அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று நம்பிவிட்டேன்.

"அப்பா போயிட்டாருடி" என்றாள். "ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு ஒங்க பெரிய மாமன் சொன்னான். ஆஸ்பத்திரியிலேருந்து வூட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நான் நேரா இங்க பஸ் ஏறிட்டேன்."

புருஷன் பிணத்தை விட்டுவிட்டு பஸ் ஏறினவள் என்று அவளை இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும்.

எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு பயந்தது முகத்துக்கு நேராக வந்ததும் உடம்பு மரத்துவிட்டது. அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அழுடி. அழுதுடு. உள்ள வச்சிக்காத." நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வாய் கோணியது. வாசற்படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"தம்பீ... என் ராசா... அக்காகிட்ட சொல்லாம போயிட்டியேடா..."

என் கணவர் பதறிப்போய், "அத்தை, போனது மாமா..." என்று ஏதோ சொல்ல வந்தார். துக்கத்தில் ஆள் மாறிவிட்டது என்று நினைத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பார்த்தே இராத அந்தச் சின்ன மாமாவுக்காகத்தான் எனக்கும் அழுகை வந்தது. தொண்டை கட்டும்வரை அவள் அழுது முடித்த பிறகு, அப்பாவுக்காக அழ விருத்தாசலம் பஸ் ஏறினோம்.