மூக்கு அறியாத ஆபத்து

கணவர் இறந்த பிறகு, திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டிய வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் புனேயில். அவன் போன் செய்யாத நாட்களில் என் குரலே எனக்குக் கேட்பதில்லை.

கார்த்திகை மழையில் பிடித்த சளி சைனஸாக மாறியது. கண்ணுக்குக் கீழே வலித்தது, குனிந்தால் தலை கனத்தது, வாசனையே தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல், நொச்சி இலை போட்டு ஆவி பிடித்துச் சமாளித்தேன்.

ஒரு காலை, நொச்சித் தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால், தண்ணீர் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. மறுபடி பற்றவைக்க லைட்டரை எடுத்தபோது கதவு தட்டப்பட்டது. மாடியில் குடியிருக்கும் நூர்ஜஹான். படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி, அதிகம் பேசியதில்லை.

"அக்கா, மாடி வரைக்கும் கேஸ் நாத்தம் ஜாஸ்தியா அடிக்குது! அடுப்ப பத்த வெக்காதீங்க, சுவிட்சயும் தொடாதீங்க!"

"எனக்கு ஒண்ணும் தெரியலயேம்மா" என்றேன். அவளே ஓடி சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்தாள். லைட்டரை மெல்லக் கீழே வைத்தேன்.

அன்றே டாக்டரிடமும் அழைத்துப்போனாள். சைனஸ் வீக்கத்தால் வாசனை போயிருக்கிறது. ஆவி இதம் தரும், ஆனால் சளி நாள்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றார்.

இப்போது அடுப்பை அணைக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். வாசனையும் திரும்பிவிட்டது. ஆனாலும் மாலையில், "நூரு, பால் கெட்டுப்போச்சானு மோந்து பாரேன்" என்று கூப்பிடுகிறேன். பால் நன்றாகத்தான் இருக்கும். அது அவளுக்கும் தெரியும். வந்து மோந்து பார்த்துவிட்டு, டீ போடச் சொல்லி உட்கார்ந்துவிடுகிறாள்.